பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஊர் நீதிமன்றங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் பழைய கோர்ட்டுப் பதிவேடுகளைப் படிப்பதில் எனக்கு நெடுநாள் ஈடுபாடு. அதைப் பற்றி எங்கே பேச ஆரம்பித்தாலும் பேச்சு தூக்குமேடையில் போய் நின்றுவிடுகிறது. பதிவேடுகளிலோ பக்கம் பக்கமாக நிறைந்திருப்பவை 7 நாள் சிறையும் 10 ஷில்லிங் (20 ஷில்லிங் ஒரு பவுன், அந்நாட்டுப் பணம்) அபராதமும்தான். அந்தச் சின்னத் தண்டனைகள் ஏழைக் குடும்பங்களை என்ன பாடு படுத்தின என்பது பேசப்படாமலே போகிறதே என்ற ஆதங்கத்தில் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

எல்லாக் கேஸும் லண்டனுக்குத்தான் போகுமா, இல்ல ஊருக்கு ஊர் கோர்ட்டு இருந்துச்சா?

ஊர்ப்பக்கத்திலேயே மூன்று அடுக்குகளாக நீதிமன்றங்கள் இருந்தன. அடியில் இருந்தது பெட்டி செஷன்ஸ். நம் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனில் 'பெட்டி கேஸ்' என்கிறார்களே, அதே 'பெட்டி'தான். சிறியது என்று பொருள். இரண்டு மூன்று மாஜிஸ்திரேட்டுகள் உட்கார்ந்து, ஜூரி (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) இல்லாமல், குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவர், பிச்சை எடுத்தவர், அடிதடி செய்தவர் போன்றோரின் வழக்குகளை அங்கேயே முடித்துவிடுவார்கள். தனிக் கட்டடம் இல்லாத ஊர்களில் சத்திரத்து மாடியறையில்கூட கோர்ட்டு கூடியது.

அதற்கு மேலே, மாவட்ட மாஜிஸ்திரேட்டுகள் வருஷத்துக்கு நாலு தடவை கூடி ஜூரியோடு விசாரித்த குவார்ட்டர் செஷன்ஸ். திருட்டு வழக்குகளில் பெரும்பாலானவை இங்கே வந்தன. கொலை, கொள்ளை மாதிரியான பெரிய வழக்குகளை, லண்டனிலிருந்து சுற்றுப்பயணமாக வரும் நீதிபதிகள் அசைஸ் என்ற நீதிமன்றத்தில் விசாரித்தார்கள். அது பொதுவாக வருஷத்துக்கு இரண்டு முறை கூடியது. மரண தண்டனையோ ஆயுள்கால நாடுகடத்தலோ (கப்பலேற்றி, பெரும்பாலும் ஆஸ்திரேலியாவுக்கு, அனுப்பிவிடுவது) தரக்கூடிய வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் 1842-ல் குவார்ட்டர் செஷன்ஸிடமிருந்து எடுக்கப்பட்டது. குவார்ட்டர் செஷன்ஸும் அசைஸும் 1971-ம் ஆண்டுச் சட்டப்படி ஒழிக்கப்படும்வரை நீடித்தன.

மாஜிஸ்திரேட்டுகள் சட்டமே படிக்காதவங்களாமே, நிஜமா?

நிஜம்தான். கிராமப்புற மாவட்டங்களில் அவர்கள் சம்பளம் வாங்காத பெருநிலக்காரர்கள், அல்லது தேவாலயப் பாதிரியார்கள். அந்தப் பதவிக்கு வருஷத்துக்கு 100 பவுன் வருமானம் தரும் நிலம் இருக்க வேண்டும் என்பது விதி; 1906-ல்தான் அது நீங்கியது. சட்டம் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிளார்க். பெரும்பாலும் உள்ளூர் வக்கீலான அவர் காதோடு சொல்வதைக் கேட்டு பெஞ்சு முடிவெடுக்கும். லண்டன், மான்செஸ்டர் போன்ற பெருநகரங்களில் மட்டும் சம்பளம் வாங்கும் மாஜிஸ்திரேட்டுகளும் இருந்தார்கள்.

சென்னை ராஜதானியில் இருந்த ஹானரரி மாஜிஸ்திரேட்டுகளின் 'பெஞ்ச் கோர்ட்' பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருந்தால், இந்த ஏற்பாடு உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். சட்டம் படிக்காதது பெரிய குறை என்று எனக்குப் படவில்லை. கூலிக்காரனின் வழக்கை அவனுக்குக் கூலி கொடுக்கும் வர்க்கமே விசாரித்தது என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது. அது எங்கே நன்றாகத் தெரியும் என்பதை முயல் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

போலீஸே இல்லாத காலத்துல யார் புடிச்சாங்க, யார் கேஸ் போட்டாங்க?

லண்டனுக்கு 1829-ல் போலீஸ் வந்தது. மாவட்டங்கள் விரும்பினால் போலீஸ் வைத்துக்கொள்ளலாம் என்று 1839-ல் சட்டம் வந்தது; கட்டாயமானது 1856-ல்தான். அதுவரை திருச்சபை வட்டத்துக்கு ஒரு கான்ஸ்டபிள். பல இடங்களில் அது ஊரார் முறை வைத்துச் செய்த வேலை.

வழக்கை நடத்த வேண்டியவர் பொருளைப் பறிகொடுத்தவரேதான். சாட்சிகளைத் தேடுவது, கோர்ட்டு கூடும் ஊருக்குப் போய்த் தங்குவது எல்லாம் அவர் பொறுப்பு. செலவுக்குப் பயந்து எத்தனையோ பேர் விட்டுவிட்டார்கள். வசதி உள்ளவர்கள் சந்தா கட்டிச் சங்கம் அமைத்து, உறுப்பினர் வீட்டில் திருட்டுப் போனால் பொதுப் பணத்தில் வழக்கு நடத்தினார்கள். வழக்குத் தொடுப்பதற்கென்று நாடு முழுமைக்குமான அரசு அதிகாரி ஒருவர் வேண்டும் என்று சட்டம் செய்தது 1879-ல்தான்.

ஜூரின்னா 12 பேர், அது தெரியும். கிராண்ட் ஜூரின்னு வேற ஒண்ணு வருதே, அது என்ன?

வழக்கு விசாரணைக்குத் தகுதியானதா என்று முதலில் பார்த்துச் சொல்பவர்கள் கிராண்ட் ஜூரி. 23 பேர் வரை இருக்கலாம். வாதியின் சாட்சிகளை மட்டும் மூடிய அறையில் கேட்பார்கள். 12 பேராவது ஒப்புக்கொண்டால் வழக்கு நடக்கும். இல்லையென்றால் ஆளை விட்டுவிடுவார்கள். அதன் பிறகுதான் நீங்கள் சொல்லும் 12 பேர். இரண்டிலும் சொத்துள்ள ஆண்கள் மட்டுமே உட்கார முடிந்தது. பெண்களுக்கு வழி திறந்தது 1919-ல். கிராண்ட் ஜூரி முறை 1933-ல் கிட்டத்தட்ட முழுக்க ஒழிந்தது.

ஒரு ரொட்டி திருடினாலே தூக்குன்னு சொல்றாங்களே?

ரொட்டிக்குத் தூக்கு இல்லை. ஒரு ஷில்லிங்குக்கு மேற்படாத திருட்டு 'சிறு திருட்டு'. அதற்குக் கசையடி, சிறை, அதிகம் போனால் 7 வருஷ நாடுகடத்தல். 1827-ல் சிறு திருட்டு, பெருந்திருட்டு என்ற பிரிவே போய்விட்டது.

ஆனால் இந்தப் பேச்சு வெறும் கதையும் இல்லை. நூற்றாண்டின் தொடக்கத்தில் தூக்குக்குரிய குற்றங்கள் 200-க்கும் மேல் இருந்தன. ஆடு திருடினால் தூக்கு. ஒரு வீட்டுக்குள் 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு. அதனால்தான் பழைய வழக்குகளில் '39 ஷில்லிங்' என்ற தொகை மறுபடி மறுபடி கண்ணில் படும். பொருளின் மதிப்பு அதைவிடக் கூடுதல் என்று நன்றாகத் தெரிந்தும், ஒரு உயிரைக் காப்பாற்ற ஜூரிகள் ஒரு ஷில்லிங்கைக் குறைத்துச் சொன்னார்கள். அந்த 39-ஐப் பார்க்கும்போதெல்லாம் முகம் தெரியாத அந்தப் 12 பேர் மேல் எனக்கு மரியாதை வருகிறது.

சட்டம் மெல்லத்தான் இளகியது. 1808-ல் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் ரோமில்லியின் முயற்சியால் ஜேப்படிக்குத் தூக்கு நீங்கியது. 1832-ல் ஆடு, குதிரைத் திருட்டுக்கும் நீங்கியது. 1861-ம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பிறகு கொலை, ராஜத் துரோகம், வன்முறையோடு கூடிய கடற்கொள்ளை, அரசுக் கப்பல்துறைக்குத் தீ வைத்தல் ஆகிய நான்குதான் மிஞ்சின. பொது இடத்தில் தூக்கிலிடுவது 1868 மே மாதத்தோடு நின்றது.

பதிவேட்டுல 'மரணம் பதியப்பட்டது'ன்னு போட்டிருக்கு. அப்ப தூக்குல போட்டுட்டாங்கன்னுதானே அர்த்தம்?

நேர்மாறு. படித்தவர்களே சறுக்கும் இடம் இது. 1823-ல் வந்த ஒரு சட்டம், கொலை போன்ற குற்றங்களைத் தவிர மற்றவற்றில், குற்றவாளி கருணைக்கு உரியவர் என்று நீதிபதி நினைத்தால் மரண தண்டனையை வாய்விட்டுச் சொல்லாமல் ஏட்டில் மட்டும் எழுதிவைக்கலாம் என்றது. எழுதிய கணமே தூக்கு நிறுத்திவைக்கப்பட்டதாக ஆகிவிடும். அந்த ஆளை நாடு கடத்தியிருப்பார்கள், அல்லது சிறையில் வைத்திருப்பார்கள்.

ஏடு இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். வாய்விட்டுச் சொல்லப்பட்ட மரண தண்டனைகளிலும் பெரும்பாலானவை நிறைவேறவில்லை. மன்னிப்பு வந்து தண்டனை மாறியது. ஆகவே தண்டனைக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒருவரைத் தூக்கில் ஏற்றிவிடாதீர்கள். சிறை ஏடு, மன்னிப்பு ஏடு, கப்பல் பட்டியல் மூன்றையும் பார்த்தபின் பேசுங்கள்.

ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினது எல்லாம் பெரிய ரௌடிகளையா?

பெரும்பாலோர் திருட்டுக்காகப் போனவர்கள். 1788-ல் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்ததிலிருந்து 1868-ல் கடைசிக் கப்பல் சேரும்வரை சுமார் 1,62,000 பேரை ஏற்றினார்கள். தண்டனைக் காலம் பொதுவாக 7 வருஷம், 14 வருஷம், ஆயுள். 7 வருஷம் முடிந்தாலும் திரும்பிவரக் கப்பல் கட்டணம் யாரும் தரமாட்டார்கள். விட்டுவந்த மனைவி மக்களுக்கு அது ஆயுள் தண்டனைக்குச் சமம்.

திருடாமலே போனவர்களும் உண்டு. டோர்செட் மாவட்டத்து டோல்பட்டில் கிராமத்தில் வாரக்கூலி 9 ஷில்லிங்கிலிருந்து 8, பிறகு 7 என்று இறங்கி, 6 ஆகப்போகிறது என்ற நிலை. ஜார்ஜ் லவ்லெஸும் இன்னும் ஐந்து கூலிக்காரர்களும் சங்கம் வைத்தார்கள். சங்கம் வைப்பது அப்போது குற்றமில்லை. அதனால் ரகசியமாகச் சத்தியம் வாங்கினார்கள் என்று, 1797-ல் கடற்படைக் கலகத்தை ஒட்டி வந்த ஒரு சட்டத்தைத் தேடிப் பிடித்து வழக்குப் போட்டார்கள். 1834 மார்ச்சில் டார்செஸ்டர் அசைஸ் ஆறு பேருக்கும் 7 வருஷ நாடுகடத்தல் விதித்தது. நாடே கொதித்தெழுந்து மனுக்கள் குவிந்தபின் 1836-ல் மன்னிப்பு வந்தது. பின்னால் ஆள் திரளாத ஏழைகளுக்கு எந்த மன்னிப்பும் வரவில்லை.

கடுங்காவல்னா அங்க என்னதான் செய்யச் சொல்வாங்க?

முக்கியமானது மிதிசக்கரம். வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் 1818 வாக்கில் வடிவமைத்தது. படிகள் பதித்த பெரிய உருளை. கைதிகள் வரிசையாக நின்று ஏறிக்கொண்டே இருப்பார்கள், படி கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். சில சிறைகளில் அது மாவு அரைத்தது. பல சிறைகளில் காற்றைத்தான் அரைத்தது. இன்னொரு வேலை, தார் படிந்து இறுகிய பழைய கப்பல் கயிற்றை விரலால் பிரித்து நாராக்குவது. நகக்கண் கிழிந்து ரத்தம் வரும். கோவைச் சிறையில் வ.உ.சி.யைச் செக்கிழுக்க வைத்தார்களே, அந்தக் கடுங்காவலும் இந்தச் சட்ட மரபின் வழி வந்ததுதான்.

மூன்றாவது, கைப்பிடி எந்திரம். ஒரு பெட்டி, அதில் ஒரு கைப்பிடி. சுற்றினால் எண்ணிக்கை ஏறும், வேறு எந்தப் பயனும் இல்லை. 1853-ல் பர்மிங்காம் சிறையில் எட்வர்ட் ஆண்ட்ரூஸ் என்ற 15 வயதுப் பையன், 4 பவுண்டு மாட்டிறைச்சி திருடியதற்காக 3 மாதச் சிறையில் இருந்தான். நாளைக்கு 10,000 சுற்று: காலை உணவுக்கு முன் 2,000, மதிய உணவுக்கு முன் 4,000, இரவு உணவுக்கு முன் 4,000. முடிக்காவிட்டால் சோறு கிடையாது, இறுகக் கட்டி நிற்கவைப்பார்கள். ஏப்ரலில் அவன் தன் அறையிலேயே தூக்குப் போட்டுக்கொண்டான். அரசு விசாரணைக் குழு அமைத்தது. மிதிசக்கரத்துக்கும் கைப்பிடிக்கும் முடிவு வந்தது 1898-ம் ஆண்டுச் சட்டத்தோடுதான்.

காட்டுல ஒரு முயல் புடிச்சதுக்கு ஜெயிலா?

கிராமப்புறப் பெட்டி செஷன்ஸைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்கச் சொல்வேன். 1831 வரை வேட்டையாடும் உரிமை நிலவுடைமையோடு கட்டிப்போடப்பட்டிருந்தது. அந்த வருஷம் வந்த சட்டம் உரிமம் வாங்கினால் யாரும் வேட்டையாடலாம் என்றது. ஆனால் யாருடைய நிலத்தில்? பகலில் அடுத்தவர் நிலத்துக்குள் வேட்டைக்கு நுழைந்தால் 2 பவுன் வரை அபராதம். ராத்திரியில் நுழைந்தால் 1828-ம் ஆண்டுச் சட்டம்: முதல் தடவை 3 மாதக் கடுங்காவல் வரை, இரண்டாம் தடவை 6 மாதம் வரை, மூன்றாம் தடவை பிடிபட்டால் 7 வருஷ நாடுகடத்தல்கூட. மூன்று பேர் சேர்ந்து, ஒருவர் கையில் ஆயுதம் இருந்தாலும், 14 வருஷம் வரை.

இப்போது பெஞ்சில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். முயலும் காட்டுக்கோழியும் வளர்க்கிற நிலக்காரரே மாஜிஸ்திரேட். சாட்சி சொல்பவர் அவரிடமோ அவருடைய நண்பரிடமோ சம்பளம் வாங்கும் வேட்டைக் காவலாளி. 1862-ல் வந்த சட்டம், சாலையில் போகிறவனின் சட்டைப்பை பெருத்திருந்தால் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரத்தைப் போலீஸுக்குக் கொடுத்தது. வேலை முடித்து இருட்டில் வீடு திரும்பும் கூலிக்காரன் எவனும் தப்ப முடியாது.

குத்தகைக்காரரும் நொந்தார். தன் கண்ணெதிரே பயிரை முயல் மேய்ந்தாலும், ஒப்பந்தம் தடுத்தால் அதை அவர் கொல்லக்கூடாது. 1880-ல் வந்த சட்டம்தான் தன் வயலில் மேயும் முயலைக் கொல்லும் உரிமையை, எந்த ஒப்பந்தமும் பறிக்க முடியாதபடி, அவருக்குக் கொடுத்தது. முயல் பிடிப்பதைத் திருட்டு என்று கிராமத்து மக்கள் மனசார ஏற்கவே இல்லை. பக்கத்து வீட்டுக் கோழியைத் தொடாதவன்கூட முயலுக்குக் கண்ணி வைத்தான்.

வேலைக்கு வரலைன்னாக்கூட உள்ள போட்டாங்களாமே?

ஆமாம். 1823-ம் ஆண்டு எஜமானர்–வேலையாள் சட்டப்படி, ஒப்பந்தம் முடியுமுன் வேலையை விட்டுப் போனவனுக்கு 3 மாதம் வரை கடுங்காவல். கூலி கொடுக்காத எஜமானருக்குச் சிறை கிடையாது; அது வெறும் பணப் பாக்கி வழக்கு. இந்த அநியாயம் 1875 வரை நீடித்தது. வழக்கை விசாரித்தவர்கள் இரண்டாம் கேள்வியில் சொன்ன அதே வர்க்கத்தார்.

அபராதம்தானே, கட்டிட்டு வந்துற வேண்டியதுதானே?

1850 வாக்கில் தெற்கு மாவட்டங்களில் விவசாயக் கூலிக்கு வாரத்துக்கு 8, 9 ஷில்லிங்தான் வருமானம். 10 ஷில்லிங் அபராதம் என்றால் ஒரு வாரம் குடும்பமே பட்டினி கிடந்தாலும் தேறாது. அதோடு கோர்ட்டுச் செலவு வேறு. சில சமயம் அபராதத்தைவிட அதுவே அதிகம். கட்ட முடியாவிட்டால் சிறை. 1879-ம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு கணக்கே போட்டது: 10 ஷில்லிங் வரை 7 நாள், 1 பவுன் வரை 14 நாள், 5 பவுன் வரை ஒரு மாதம்.

பணம் கட்ட அவகாசம் கொடுத்தாக வேண்டும் என்ற விதி 1914-ல்தான் வந்தது. அதற்கு முன் அவகாசம் தருவது பெஞ்சின் தயவு. காலையில் கோர்ட்டுக்குப் போன அப்பா சாயங்காலம் வீடு திரும்பாமல் சிறைக்குப் போனார். 'அபராதம்' என்று ஏட்டில் கண்டால், கட்டினாரா என்ற கட்டத்தையும் தவறாமல் பாருங்கள்.

சின்னப் பசங்களையுமா ஜெயில்ல போட்டாங்க?

போட்டார்கள். 7 வயது நிறைந்தாலே வழக்குப் போடலாம். 14 வரை, செய்தது தப்பு என்று குழந்தைக்குத் தெரிந்திருந்ததை நிரூபிக்க வேண்டும். 1870-களில் நியூகாசில் சிறையில் எடுத்த கைதிகளின் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. அதில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி. இரும்பு திருடியதற்கு 7 நாள் கடுங்காவல். அந்தக் குழந்தை முகத்தைப் பார்த்தபின் அன்று எனக்கு வேறு எதையும் படிக்க ஓடவில்லை.

1847 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களின் சில்லறைத் திருட்டைப் பெட்டி செஷன்ஸே விசாரிக்கலாம் என்றானது. மாதக்கணக்கில் விசாரணைச் சிறையில் கிடக்க வேண்டாம் என்பது நோக்கம். 1854-ல் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் வந்தது. ஏட்டில் '14 நாள், 5 வருஷம்' என்று இரட்டையாகக் கண்டால் குழம்ப வேண்டாம்: முதலில் 14 நாள் சிறை, பிறகு 5 வருஷம் பள்ளி. 14 வயதுக்கு உட்பட்டோரைச் சிறைக்கு அனுப்புவது 1908-ல்தான் முழுக்கத் தடையானது.

பெண்களுக்குத் தண்டனை வேற மாதிரியா?

கசையடியில் வித்தியாசம் உண்டு. பெண்களைப் பொது இடத்தில் அடிப்பது 1817-லும், எங்குமே அடிப்பது 1820-லும் தடை செய்யப்பட்டன. மற்றபடி சிறை, நாடுகடத்தல் எல்லாம் ஒன்றுதான். ஆஸ்திரேலியாவுக்குப் போனவர்களில் ஏறக்குறைய 25,000 பேர் பெண்கள். கைக்குழந்தையோடு சிறைக்குப் போனவர்கள் ஏராளம்.

குற்றம் சாட்டப்பட்டவர் தன் பக்கத்தைச் சொல்லவே முடியாதா?

சொல்லலாம், ஆனால் சத்தியம் செய்து சாட்சி சொல்ல 1898 வரை பொதுவாக அனுமதி இல்லை. பெருங்குற்ற வழக்குகளில் அவருடைய வக்கீல் ஜூரியைப் பார்த்து வாதாடவும் 1836 வரை முடியாது. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வதோடு சரி. அந்த வக்கீலும் காசு இருந்தால்தான். எழுதப் படிக்கத் தெரியாத ஆள், எதிரே கூட்டம், சில நிமிஷங்களில் முடிந்துவிடும் விசாரணை. வாய் திறக்காமலே தண்டனை வாங்கிப் போனவர்கள் ஏராளம்.

மேல்முறையீட்டுக்கென்று தனி நீதிமன்றம் 1907-ம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. அதற்கு முன் சட்டச் சிக்கல் இருந்தாலொழிய, உள்துறை அமைச்சருக்குக் கருணை மனு போடுவதுதான் வழி. பெட்டி செஷன்ஸ் தீர்ப்புகள் சிலவற்றுக்கு மட்டும் குவார்ட்டர் செஷன்ஸுக்குப் போகலாம். போனால் அங்கேயும் மாஜிஸ்திரேட்டுகள்தான்.

நம்ம செஷன்ஸ் கோர்ட்டுக்கும் அந்த செஷன்ஸுக்கும் சம்பந்தம் உண்டா?

பெயர் அங்கிருந்து வந்தது. அங்கே அது குறிப்பிட்ட நாட்களில் 'கூடும்' கோர்ட்டு. இங்கே வருஷம் முழுக்க நடக்கும் மாவட்ட நீதிமன்றத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உட்காருபவரும் சட்டம் படித்த நீதிபதி. இலங்கையில் ஜூரியோடு நடந்த பெரிய விசாரணைகளுக்கு 'அசைஸ்' என்ற பெயரும் வழங்கியது.

ஒரே மாதிரி திருட்டு. ஒருத்தனுக்கு 7 நாள், இன்னொருத்தனுக்கு 7 வருஷம். இது எப்படிங்க?

கடைசியாக வைத்தேன், ஏனென்றால் மேலே உள்ளதெல்லாம் இதற்குத் தேவை. முதலில் எந்தக் கோர்ட்டு என்று பாருங்கள். 1855 முதல், 5 ஷில்லிங்குக்கு மேற்படாத திருட்டில் குற்றவாளி சம்மதித்தால் பெட்டி செஷன்ஸே முடிக்கலாம். அங்கே அதிகபட்சம் 3 மாதம். சம்மதிக்காமல் ஜூரி கேட்டால் குவார்ட்டர் செஷன்ஸ், அங்கே தண்டனை நீளலாம். பலர் ஜூரி உரிமையை விட்டுக்கொடுத்ததற்கு இந்தக் கணக்குதான் காரணம். மூன்று மாதம் விசாரணைச் சிறையில் காத்துக்கிடப்பதைவிட இது மேல் என்று நினைத்தார்கள்.

அடுத்து, முன் தண்டனை. நாடுகடத்தலுக்குப் பதிலாக வந்த நீண்டகாலக் கடின உழைப்புச் சிறைக்கு, முன்பு பெருங்குற்றத் தண்டனை பெற்றவர் என்றால் குறைந்தபட்சம் 7 வருஷம் என்று 1864-ல் சட்டம் செய்தார்கள். 1879-ல் அதை எடுத்தார்கள். நடுவில் இருந்த அந்த 15 வருஷத்தில், பழைய தண்டனை உள்ளவன் அற்பப் பொருளுக்காக மாட்டினாலும், நீதிபதி முன்னால் இரண்டே வழிதான்: சாதாரணச் சிறை, அல்லது நேராக 7 வருஷம். உங்கள் இரண்டாவது ஆளின் வழக்கு எந்த வருஷத்தது என்று பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் முன் தண்டனை பற்றிய குறிப்பு ஏதாவது இருக்கிறதா என்றும் தேடுங்கள்.